முதல் நாள் சீனி

கத்தரிக்கோல்தான் இதையெல்லாம் கிளப்பிவிட்டது. போன தையில் அக்காவின் மகன் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் ஒரு சின்ன அரிசி மில் திறந்தான். சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. உமி நீக்க ஒரு இயந்திரம், தீட்ட ஒன்று, கல் பிரிக்கச் சல்லடை ஒன்று, தகரக் கூரை, மூன்று வேலையாட்கள், அவ்வளவுதான். ஆனால் திறப்பு விழாவில் ஒன்றும் குறைய விடவில்லை. வாசலில் இரண்டு குலைவாழை, நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனம், பன்னீர்ச் செம்பு. ஒரு பித்தளைத் தட்டில் சிவப்பு வெல்வெட் துணி விரித்து அதன்மேல் புத்தம்புதுக் கத்தரிக்கோல், கைப்பிடியில் மஞ்சள் நாடா கட்டியபடி. சுபநேரம் 9.12. பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

இடையில் நடந்தது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரியும். ஒன்பது மணிக்கே அக்காவின் முகம் மாறிவிட்டது. "நேரம் போகுதடா" என்று மகனின் காதில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் பின்கதவால் உள்ளே போய், தானே ஒரு மரைக்கால் நெல்லைக் கொட்டி, சரியாக 9.12-க்கு சுவிட்சைப் போட்டார். இயந்திரம் கடகடவென்று ஓடியது. வந்து விழுந்த அரிசியைச் சுளகில் ஏந்திக்கொண்டு, மூன்று நிமிடத்தில் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல முன்வாசலில் வந்து நின்றார். ஆகவே மில் இரண்டு தரம் திறக்கப்பட்டது. 9.12-க்கு நடந்த திறப்புக்குப் படம் இல்லை. பத்தே முக்காலுக்கு நடந்ததற்கு நூற்றைம்பது படம் இருக்கிறது. கல்லில் வெட்டியிருப்பதும் அந்த இரண்டாவது திறப்பைச் செய்தவரின் பெயரைத்தான்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மருமகன் அந்தத் தட்டோடு வந்து நின்றான். "மாமா, இந்தக் கத்தரிக்கோலை என்ன செய்யிறது?" என்று கேட்டான். "வைச்சிரு" என்றேன். "ஏன்?" என்றான். கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். ஒரு தரம் நாடா வெட்டிய கத்தரிக்கோலை எதற்கு வைத்திருக்க வேண்டும்? எனக்குப் பதில் வரவில்லை. உப்புவெளிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சீனக்குடா தாண்டும்போது, சில வருடங்களுக்கு முன் வாசித்த ஒரு சாடியின் கதை நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே, நான் பெரும்பாலும் நினைக்காமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு போத்தலும் வந்தது.

ஒரு கால் இல்லாத குயவர்

சாடியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1769 ஜூன் 13. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், இன்றைய ஸ்டோக் ஒன் ட்ரென்ட் நகரில், ஜொசையா வெட்ஜ்வுட் தன் புது மட்பாண்டத் தொழிற்சாலையைத் திறந்தார். (அந்த ஆண்டு எங்கள் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். ஆங்கிலேயர் திருகோணமலைக்கு வந்து பிடிக்க இன்னும் 13 ஆண்டு இருந்தது.) அதே 1769-இல்தான் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்கும் ஆர்க்ரைட் நூல் நூற்கும் இயந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றார்கள். ஆலை என்ற ஒன்று உலகத்தில் பிறந்துகொண்டிருந்த காலம். புதுத் தொழிற்சாலைக்கு வெட்ஜ்வுட் வைத்த பெயர் எட்ரூரியா. பழைய இத்தாலியில் எத்ருஸ்கன் மக்கள் வாழ்ந்த நாட்டின் பெயர் அது.

நாடாவையும் கத்தரிக்கோலையும் பற்றி நான் எங்கும் வாசிக்கவில்லை. வெட்ஜ்வுட் செய்தது வேறு. தானே சக்கரத்தின் முன் உட்கார்ந்து, களிமண்ணை வைத்து, தன் கையால் ஆறு சாடிகளை வனைந்தார். சக்கரத்தைச் சுற்றியவர் அவருடைய பங்காளி தோமஸ் பென்ட்லி, லிவர்பூல் வணிகர். சக்கரம் சுற்றுவது ஒரு குயவர் கூடத்தில் உதவியாளின் வேலை, சின்னப் பையனிடம் விடும் வேலை. அன்றைக்கு ஒரு முதலாளி குயவர், இன்னொரு முதலாளி பையன். இதை வெறும் நாடகம் என்று தள்ளிவிட முடியவில்லை. வெட்ஜ்வுட் குயவர் குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலேயே சக்கரத்தில் உட்கார்ந்தவர். சின்ன வயதில் வந்த அம்மை வலது முழங்காலைக் கெடுத்துவிட்டது. 1768 மே மாதம், அதாவது இந்தத் திறப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், அந்தக் காலை வெட்டி எடுத்திருந்தார்கள். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம். மரக்காலோடு வந்து உட்கார்ந்த மனிதர் ஆறு சாடி வனைந்தார் என்றால், கை மறக்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளவும் இருக்கலாம்.

கறுப்பு பசால்ட் என்று அவர் செம்மைப்படுத்திய ஒருவகை மண் அது. இரும்பும் மங்கனீசும் கலந்து சுட்டால் உள்ளும் புறமும் கன்னங்கரேல் என்று வரும். சாடிகள் சுடப்பட்டு, லண்டனில் செல்சீ பகுதியில் இருந்த அவர்களின் சித்திரக் கூடத்துக்குப் போயின. அங்கே கறுப்பின் மேல் செந்நிறத்தில் உருவங்கள் எழுதினார்கள். ஒரு பக்கம் ஹெர்குலிஸும் தோழர்களும். மறுபக்கம் எழுத்து: 1769 ஜூன் 13, ஸ்டாஃபோர்ட்ஷயரின் எட்ரூரியாவில் முதல் நாள் செய்தவற்றில் ஒன்று, வெட்ஜ்வுட்டும் பென்ட்லியும் செய்தது. கீழே லத்தீனில், எட்ரூரியாவின் கலைகள் மறுபடி பிறக்கின்றன என்று ஒரு வரி. ஆறில் நான்குதான் உருப்படியாக மிஞ்சின.

அந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. நேப்பிள்ஸில் பிரித்தானியத் தூதராக இருந்த வில்லியம் ஹமில்டன் பழைய சாடிகளைச் சேகரித்தவர். அவருடைய சேகரிப்பில் இருந்த ஒரு பாண்டத்தின் படத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். இத்தாலியில் கிடைத்ததால் அதை எத்ருஸ்கன் என்று நம்பினார்கள். அது ஏதென்ஸில் வனைந்த கிரேக்கப் பாண்டம், சுமார் 2,400 வருடப் பழசு. ஆக, தொழிற்சாலையின் பெயரும் பிழை, மறுபிறவி எடுத்த கலையும் வேறு வீட்டுப் பிள்ளை. எனக்கு இன்னும் பிடித்த விடயம், அந்தக் கிரேக்கப் பாண்டம் என்ன வகை என்பது. அது பெண்கள் தண்ணீர் மொள்ளும் குடம். அங்கேயும் திறப்பு விழாவுக்கு ஒரு குடம் வந்து நின்றிருக்கிறது, யாரும் கூப்பிடாமலே. இன்னொன்று, அந்தக் குடத்தில் வனைந்தவர் தன் பெயரை எழுதியிருக்கிறார், மெய்டியாஸ் என்று. எட்ரூரியாவின் முதல் நாள் சாடியில் உருவம் எழுதிய கையின் பெயர் இல்லை.

புதிர்

நவம்பர் மாதம், சாடிகள் லண்டனுக்குப் போன பிறகு, வெட்ஜ்வுட் பென்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பிய ஆறு சாடிகளும் நாங்கள் எட்ரூரியாவில் முதன்முதலாக வனைந்தவை. எவ்வளவு உயர்வாக வேண்டுமோ அவ்வளவு உயர்வாக முடியுங்கள், ஆனால் விற்க வேண்டாம், அவை எட்ரூரியாவின் முதற்பலன் என்று சொல்கிறார். அவர் எழுதிய ஆங்கிலச் சொல், வேதாகமத்தில் அறுவடையின் முதல் பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பதைக் குறிக்கும் சொல். நான் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எங்களுக்கு அதற்கு வேறு சொல் தேவையில்லை, புதிர் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. தம்பலகாமத்தில் வயல் உள்ள எந்த வீட்டிலும் கேளுங்கள். முதல் கதிரைக் கொய்து வந்து, குத்தி, பொங்கி, படைத்து, பிறகுதான் மிச்ச நெல்லில் கை வைப்பது. முதலில் வந்ததை விற்பதில்லை.

ஆனால் இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். விற்பதில்லை என்பதில் இரண்டு பக்கமும் ஒன்று. அதற்குப் பிறகு செய்வது வேறு. நாங்கள் புதிரைத் தின்றுவிடுகிறோம். படைத்த அன்றே, சுடச்சுட, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்து முடித்துவிடுகிறோம். நாளைக்கு வைத்தால் அது புளித்துவிடும், சோறு அப்படித்தான். அவர் தன் முதற்பலனைத் தின்ன முடியாத பொருளாகச் செய்தார். சாடி என்று பெயர், ஆனால் அதில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டிருக்க மாட்டார்கள். பயன்படுத்தாததால்தான் இரண்டரை நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. பயன்பட்ட குடங்கள் எல்லாம் உடைந்து போயின. அக்கா 9.12-க்குச் சுளகில் ஏந்திய அரிசி அன்று மத்தியானமே பாற்பொங்கலாகி எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டது. அதுதான் உண்மையான முதல் நாள் அரிசி. கத்தரிக்கோல் மிஞ்சியிருக்கிறது.

அலுமாரிக்கு மேல் ஒரு போத்தல்

அப்பா கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு அரசாங்கம் நிறுவிய ஆலை அது. குளத்து நீரில் கரும்பு, கரும்புக்குப் பக்கத்திலேயே ஆலை. நாட்டுக்கு வேண்டிய சீனியை நாமே செய்துவிடலாம் என்று நம்பிய காலம். எங்கள் வீட்டுக் கதையில் அந்தக் குளத்தைக் கட்டியது குளக்கோட்டன் என்ற தமிழ் அரசன். பாடப்புத்தகத்தில் இரண்டாம் அக்கபோதி என்ற சிங்கள அரசன். மண் சுமந்தவர்களைப் பற்றி இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்பா வேர்க்ஷொப்பில் இருந்தார். கரும்பு அரைக்கும் காலத்தில் வீட்டுக்கு வரும்போது உடுப்பெல்லாம் பாகு காயும் மணம். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் அப்படி மணப்பதில்லை என்று தெரிந்தது.

அலுமாரிக்கு மேல், அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தது. அதற்குள் முக்கால்வாசிக்குச் சீனி. மூடியைச் சுற்றி மெழுகு. ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் கையெழுத்தில் "முதல் நாள்" என்று இரண்டே சொல். யாராவது வீட்டுக்கு வந்தால், சாப்பாடு முடிந்த பிறகு, அப்பா கதிரை போட்டு ஏறி அதை இறக்குவார். வந்தவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், தலையாட்ட வேண்டும். ஆலையைத் திறந்து வைத்தவர் யார் என்று யாராவது கேட்டால் அப்பாவுக்கு அது நினைவில் இருக்காது, "யாரோ வந்தவை" என்பார். ஆனால் முதல் சீனி எப்படி வந்தது, எந்த நிறத்தில் இருந்தது, கையில் எடுத்தபோது இன்னும் சூடு இருந்தது என்பதையெல்லாம் சொல்லுவார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்ததே ஆலை ஓடத் தொடங்கி ஒரு வருடம் கழித்துத்தான் என்பது அம்மாவின் கட்சி. "கலியாணம் கட்டின வருசம் எனக்குத் தெரியாதா?" என்பார். அப்பா மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஒரு தரம், மிகவும் நெருக்கிக் கேட்டபோது, "நான் போன முதல் நாள்" என்றார். அப்படியென்றால் "முதல் நாள்" யாருடைய முதல் நாள்? எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று கொஞ்ச நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அந்தக் கோபம் சிரிப்பாக இருக்கிறது. எட்ரூரியாச் சாடியிலும் "முதல் நாள்" என்பதை முதல் நாள் எழுதவில்லை. வனைந்தது ஜூனில், லண்டனில் வண்ணம் தீட்டியது மாதக்கணக்கில் கழித்து. தேதியை எழுதிய ஓவியர் அந்தத் தேதியில் எட்ரூரியாவில் நின்றிருக்கவும் தேவையில்லை. முதல் நாள் என்பது எப்போதும் பிறகு எழுதுகிற சொல்தான். அன்றைக்கு அங்கே நிற்பவர்களுக்கு அது வேலை நாள். மேசை எங்கே, தண்ணீர் எங்கே, சம்பளம் எப்போது என்பதுதான் அவர்களுக்கு.

அப்பாவின் சீனிக்கும் வெட்ஜ்வுட்டின் சாடிக்கும் இடையில் நான் விடாமல் உரசிப் பார்த்த வித்தியாசம் இதுதான். சாடி முதலாளியின் கையில் வனைந்தது. அது ஒரே ஒரு நாள். அந்தச் சக்கரத்தில் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஜூனில் சாடி வனைந்தவர், அதே ஆண்டு ஒக்டோபரில் பென்ட்லிக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், தவறு செய்யவே முடியாத இயந்திரங்களாக ஆட்களை ஆக்கப் போவதாகச் சொல்கிறார். ஒருவர் மண் பிசைய, ஒருவர் வனைய, ஒருவர் கடைய, ஒருவர் கைப்பிடி ஒட்ட, ஒருவர் வண்ணம் தீட்ட, யாரும் முழுச் சாடி செய்வதில்லை. மணி அடித்தால் வர வேண்டும், வந்த நேரம் பதிவாகும். எங்கள் ஊரில் இன்றைக்கு விரல் வைத்துப் பதிகிறார்களே, அதன் மூதாதை அங்கேதான். ஒரு மனிதர் முழுதாகத் தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடிக்கிற முறையை ஒழித்துக்கட்டிய தொழிற்சாலை, தன் பிறந்தநாள் நினைவாக முதலாளி தன் கையால் வனைந்த பொருளைத்தான் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது. வெட்ஜ்வுட்டைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், கால்வாய் வரப் பாடுபட்டவர், அடிமை வாணிபத்துக்கு எதிராக நின்றவர். ஆனால் 1783-இல், விலைவாசி ஏறிப் பசி வந்தபோது, எட்ரூரியாவில் அதே கால்வாயில் வந்த உணவுப் படகைச் சனங்கள் மறித்தார்கள். ஒருவரைத் தூக்கில் போட்டார்கள். சாடியைப் பற்றிப் பேசும்போது அந்தப் படகு எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை. காரணம் கீழே வருகிறது.

ஆறு தேக்கரண்டி

எண்பத்தைந்துக்குப் பிறகு நாங்கள் கந்தளாயில் இல்லை. பட்டணத்துக்குப் பக்கமாக வந்துவிட்டோம். அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவார், போக முடியாத நாட்களில் இருந்துவிடுவார். போத்தலும் எங்களோடு வந்தது, வேறு அலுமாரி, அதே உயரம். பிறகு தொண்ணூறாம் ஆண்டு ஆனி. போர் மறுபடி மூண்ட அந்த மாதம் திருகோணமலையில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா எடுத்தது அடையாள அட்டைகள், காணி உறுதி, ஒரு பானை, இரண்டு சீலை. அப்பா எடுத்தது போத்தல். வழி முழுக்க அம்மா அதற்குத் திட்டிக்கொண்டே வந்தார். அரிசியை விட்டுவிட்டு ஆரும் சீனியைக் காவுவார்களா என்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சாரத்துக்குள் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்தோம். எத்தனை குடும்பம் என்று கணக்கில்லை. ஒரு கிணறு. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கடைசித் தங்கச்சிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அவளுக்கு மூன்று வயது. மண்டபத்தில் ஏற்கனவே பல பிள்ளைகளுக்கு அப்படி. இரவோடு இரவாக அவளுடைய கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளிய இடம் அப்படியே நின்றது. ஒரு மருத்துவமாது அங்கே எங்களைப் போலவே அகதியாக வந்திருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஒரு லீற்றர் கொதித்து ஆறின தண்ணி, ஆறு தேக்கரண்டி சீனி தட்டி அளந்து, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு தரமும் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்க வேணும். ஜீவனிப் பக்கற்று (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) இருந்தால் நல்லது, இல்லை, அதனால் இது. உப்பு இருந்தது. நிலாவெளிக்காரர் ஒருவர் ஒரு சரை நிறையக் கொண்டுவந்திருந்தார். சீனி ஒருவரிடமும் இல்லை.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. பையைத் திறந்து, சாரத்தை அவிழ்த்து, போத்தலை எடுத்தார். அப்பா அப்போது தண்ணீர் வரிசையில் நின்றார் என்று அம்மா பிறகு சொல்லுவார். நான் பார்த்தேன், அவர் வாசலில்தான் நின்றார். வாளியோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகு இறுகியிருந்தது. கத்தி முனையால் சுற்றிச் சுரண்டிக் கழற்றினார். உள்ளே சீனி சீனியாக இல்லை, இத்தனை வருடத்தில் இறுகி ஒரே கட்டி, நிறம் பழுப்பேறியிருந்தது. அம்மா கத்திப் பிடியால் குத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மூலை உடைந்தது. அதைத் துணியில் வைத்துக் கல்லால் தட்டிப் பொடியாக்கி, கரண்டியில் அள்ளி, விரலால் தட்டி மட்டமாக்கினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். ஆறு வந்ததும் நிறுத்தினார். அந்த எண்ணும் சத்தத்தைத்தான் நான் போத்தலோடு சேர்த்து மறக்காமல் இருக்கிறேன். ஒரு பொருளைப் பற்றி அதுவரை நாங்கள் வீட்டில் பேசியதெல்லாம் கதை. அன்றைக்குத்தான் அதற்கு அளவு வந்தது.

மூன்று நாள் அந்தத் தண்ணீர் கொடுத்தோம். தங்கச்சி மட்டும் குடிக்கவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த பிள்ளைகளுக்கும் அம்மா அளந்து கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் தங்கச்சி எழும்பி உட்கார்ந்து சோறு கேட்டாள். போத்தலின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அம்மா அதற்குள் சுடுநீரை விட்டுக் கலக்கி, யாரோ கொடுத்த தேயிலைத் தூளில் பிளேன்டீ போட்டு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்தார். அப்பாவுக்குக் கடைசி. அவர் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சீனி காணாது" என்றார். அம்மா சிரித்தது, வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு அதுதான் முதல் தரம்.

வெறும் போத்தல் எங்கே போனது என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாங்க யாரோ கேட்டு எடுத்துப் போனதாக அக்கா சொல்லுகிறார். ஆலை அதற்குப் பிறகு அதிக காலம் ஓடவில்லை. தொண்ணூறுகளிலேயே மூடிவிட்டார்கள். எட்ரூரியாவும் 1950-இல் மூடப்பட்டது. கீழே நிலக்கரி தோண்டித் தோண்டி, தொழிற்சாலை கால்வாயின் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாம். இன்று அந்தத் தொழிற்சாலையில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை, ஒரு வட்டக் கட்டடம் மட்டும் நிற்கிறது.

சாடிகளில் ஒன்று 2016-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. விற்க வேண்டாம் என்று எழுதி வைத்த முதற்பலன், 482,500 பவுணுக்கு விலை போனது. வாங்கியவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் பிரித்தானிய அரசு ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டது. கடைசியில் ஸ்டோக் நகர நூதனசாலையே பணம் திரட்டி அதை வாங்கிக்கொண்டது. பிறந்த ஊருக்குத் திரும்பி வந்த கதை. அது எனக்கு உண்மையிலேயே பிடிக்கிறது. ஆலை போன பிறகும், ஆலையில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் அது இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கந்தளாயில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இங்கே சீனி செய்தார்கள் என்று காட்ட என்னிடம் எதுவும் கிடையாது. இதை வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் சொன்னபோது, அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப என்ர வயித்துக்குள்ள அஞ்சு லட்சம் பவுண்" என்றாள். அப்புறம் தான் கொஞ்சம் குண்டாகிவிட்டதற்கும் அதுதான் காரணம் என்றாள்.

போன கிழமை தம்பலகாமத்துக்குப் போனேன். மருமகனிடம் சொல்ல ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன், கத்தரிக்கோலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போடு, அம்மா 9.12-க்கு சுவிட்ச் போட்டதையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வை என்று. மில்லுக்குள் நுழைந்தபோது இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. காற்றெல்லாம் தவிட்டுத் தூசி. தராசுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு ஆணி, ஆணியில் சணல் கயிறு, கயிற்றில் அந்தக் கத்தரிக்கோல் தொங்கியது. மஞ்சள் நாடா இன்னும் கைப்பிடியில் இருந்தது, நிறம் மண்ணாகிவிட்டது. வேலைக்கு நின்ற பெண் அதை எட்டி எடுத்து ஒரு சாக்கின் வாய்த் தையலை வெட்டினார். வெட்டவில்லை, இரண்டு தரம் நெருக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து, "கூர் போயிட்டுது ஐயா, பட்டணத்துக்குப் போனா சாணை பிடிச்சுத் தருவீங்களோ?" என்று கேட்டார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.